கோயிலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை

அம்மாளை நம்பியிருக்கும் சகோதரிகளே, பெண்கள் வெளியில் பேசக் கூச்சப்படும் ஒரு விடயத்தில் அவள் எனக்குச் செய்த அருளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு உப்புவெளியில். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மகள் பிறந்த பிறகு சில வருடங்கள் கிளினிக்கில் கர்ப்பத்தடை ஊசி போட்டுக்கொண்டேன். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று அதை நிறுத்தினேன். நிறுத்தியும் மாதவிலக்கு வரவில்லை. முகமெல்லாம் பரு. சீப்பு நிறையத் தலைமயிர். காரணமில்லாமல் மகள் மேல் எரிந்து விழுந்தேன். இனி எனக்குப் பிள்ளையே இல்லை என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன்.

கோயிலில் அம்மாளிடம் போய் விழுந்தேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தேன். பலன் இல்லை. செவ்வாயும் பிடித்தேன். பிறகு எல்லா நாட்களும் ஒரு நேரச் சாப்பாடுதான். சட்டையெல்லாம் தொளதொளத்தது. ஒரு வெள்ளியும் தவறவிடாத பிள்ளை என்று கோயிலில் எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஆவணியில் ஒரு வெள்ளி, பூசை நேரத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். தண்ணீர் தெளித்துத் தூக்கியவர் கும்பிட வந்திருந்த மருத்துவமாது, எங்கள் பகுதியில் பிள்ளைப்பேறு பார்ப்பவர்.

"ஒரு வெள்ளியும் விடாமல் வாறனீங்கள் எண்டு எல்லாரும் பெருமையாச் சொல்லினம். அப்ப உங்களுக்கு மாதத்துக்கு வாறதில்லையோ?"

"ஓம் மிஸ். ஊசியை விட்டும் வரேல்லை. அதுக்குத்தான் இந்த விரதம்."

"ஊசியை விட்டால் திரும்பி வர மாதக்கணக்காகும். சிலருக்கு வருசமும் எடுக்கும். ஆனால் பட்டினி கிடந்தால் வரப்போறதும் நிண்டுபோகும். சாப்பிடாதே எண்டு அம்மாள் சொன்னவவோ?"

அவர் வாயால் அம்மாள்தான் பேசினாள் என்று இன்றும் நம்புகிறேன்.

கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மூன்று நேரமும் சாப்பிட்டேன். கீரை, பயறு, மீன், நல்லெண்ணெய் விட்ட உழுந்துக்களி. போனை வைத்துவிட்டு நேரத்தோடு படுத்தேன். பின்னேரங்களில் மகளுடன் கடற்கரையில் நடந்தேன். விரதத்தை விட்டேன், வேண்டுதலை விடவில்லை.

தை மாதம். வெள்ளி காலை தலைக்குத் தோய்ந்து, சேலையும் எடுத்துவைத்த பிறகு தெரிந்தது, வந்துவிட்டது. அந்த நாட்களில் நாங்கள் கோயிலுக்குப் போவதில்லை. கணவர் அர்ச்சனைத் தட்டோடு வாசலில் நின்றார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு நீங்கள் மட்டும் போங்கோ. எனக்கு வர ஏலாது."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு சிரித்த சிரிப்பில் முன்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அம்மாளிட்ட என்ன சொல்ல?"

"நான் வரேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவவுக்கு விளங்கும்."

நான் வீட்டுக்குள் இருந்துகொண்டு அழுதேன். இந்த முறை சந்தோசத்தில்.

அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கும் இந்தக் குறை இருந்தால் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். அம்மாளிடமும் கேளுங்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள், அவள் கோபிக்கமாட்டாள்.

இப்போது நான் மறுபடியும் ஒரு வெள்ளியும் தவறவிடுவதில்லை. வயிற்றில் சோறும் இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறது.