நாற்பத்தொன்பதில் என் சுற்றளவு

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் செக்கப் நடக்கும். ஒரகடத்தில் கார்களுக்கு முகப்பு விளக்கின் கூடு செய்கிற கம்பெனி. அங்கே பதினாறு வருடமாக நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். வரிசையாக வருகிற கூடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடும், கண்ணாடி முன்னாலும் வந்து நிற்கும்.

போன வருடம் செக்கப்பில் எடை மெஷின் மேல் ஏறினேன். எழுபத்தெட்டு காட்டியது.

"சிஸ்டர், சேஃப்டி ஷூ போட்டுக்கினு கீறேன்" என்றேன். முனையில் இரும்பு வைத்த ஷூ அது. கொஞ்சம் கருணை எதிர்பார்த்தேன். நர்ஸ் ஒரு கிலோ கழித்து எழுதினார்.

எனக்குப் பின்னால் நின்றிருந்தவள் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற என் தோழி. தென்காசிப் பக்கத்துக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இருபது வருடம் இந்தப் பக்கம் இருந்தும் பேச்சை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்தபடியே வைத்திருக்கிறாள்.

"ஏட்டி, மூக்குக்கண்ணாடியையும் கழத்திரு. அது ஒரு கிலோ இருக்கும்லா" என்றாள். வரிசையே சிரித்தது.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார். பிறகு, கையை எங்கும் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொன்னார். நான் முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆடி, மூன்றாவது ஆட்டத்தில் எழுந்தேன்.

"எடைய அப்புறம் பாத்துக்கலாம். தொடையில பலமே இல்லைங்க. இனிமே உங்களுக்கு அதுதான் முக்கியம்" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆனால் கம்பெனி பஸ்ஸில் குன்றத்தூர் வந்து இறங்குகிறவரை என் காதில் ஓடிக்கொண்டிருந்தது எழுபத்தெட்டு மட்டும்தான். ஷூ போக எழுபத்தேழு.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். கையில் டீயும் மடியில் கீரை வடையுமாக உட்கார்ந்து கேட்டார்.

"ராத்திரி சோத்த நிறுத்திடு. ஒரே மாசத்துல சரியாப் பூடும்" என்றார், வடையைப் பிட்டுக்கொண்டே. அவர் லாரிக்கு அடியில் படுக்கும்போது வயிறு இடிக்கிறது என்று வண்டியை இன்னும் கொஞ்சம் ஜாக்கி வைத்து ஏற்றுகிறார்கள். ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

அடுத்த வாரமே, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் டைல்ஸ் கடை மாடியில் இருக்கிற லேடீஸ் ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன். தோழியும் வந்தாள். "நீ தனியாப் போனா பாதிப் படியிலேயே திரும்பிருவ. எனக்குத் தெரியும்" என்பது அவள் சொன்ன காரணம்.

உள்ளே நுழைந்ததும் மூன்று பக்கமும் கண்ணாடி. எங்கள் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி மட்டும்தான் உண்டு. பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கழுத்துக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிற வழக்கம் இல்லை. அன்றுதான் வருடக்கணக்கில் பார்க்காத என் முதுகைப் பார்த்தேன். என் அம்மாவின் முதுகு. அதே அகலம், ரவிக்கைக்குக் கீழே அதே இரண்டு மடிப்பு. யாரோ என் அனுமதி இல்லாமல் கொண்டுவந்து ஒட்டிவிட்டதைப்போல இருந்தது.

பயிற்சி கொடுக்கிறவள் பிள்ளைப்பாக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். அவளுக்கே டீ-ஷர்ட்டுக்குள் கொஞ்சம் வயிறு தெரிந்தது. இவளுக்கே கீது, இவள் எனக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் கீழே கிடந்த இரும்புத் தட்டு ஒன்றைத் தண்ணீர்ச் செம்பைத் தூக்குவதுபோலத் தூக்கி ஓரமாக வைத்தாள். நினைத்ததை அங்கேயே விட்டுவிட்டேன்.

"இன்னா வேணும்க்கா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

போனில் தயாராக வைத்திருந்த என் கல்யாணப் படத்தைக் காட்டினேன்.

"அழகா கீறாங்களே. உங்க பொண்ணா?"

"நான்தான். இப்டி ஆவணும். மூணு மாசத்துல."

தோழி சிரித்த சிரிப்பில் உடற்பயிற்சி சைக்கிளில் இருந்த ஒரு அம்மா பெடலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பயிற்சிக்காரி சிரிக்கவில்லை. "இந்தப் படத்துல இருக்கும்போது உங்களுக்கு உங்க ஒடம்பு புடிச்சிருந்திச்சா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வியாகக் கேட்டுவிட்டாள். அந்தப் படம் எடுத்த வருடம் எனக்கு இருபத்திரண்டு வயது, நாற்பத்திரண்டு கிலோ. தெருவில் எனக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா எனக்கு இரண்டு உள்பாவாடை கட்டிவிட்டாள், இடுப்பு கொஞ்சம் உப்பினாற்போலத் தெரியட்டும் என்று. காபித் தட்டோடு நடந்தபோது மேல் பாவாடை நழுவி, ஒரு கையால் தட்டையும் இன்னொரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். அடக்கமான பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆகி வெகுநாள் வரை, இன்னும் நாலு கிலோ ஏறினால் நன்றாக இருக்குமே என்று ஏங்கியிருக்கிறேன்.

இதைச் சொல்லி முடித்ததும் தோழி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு கேட்ட, முப்பத்தஞ்சு குடுத்துருக்கான். ஆண்டவன் தாராளம் பாத்தியா?"

அதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜிம்முக்குப் போன கையோடு, வீட்டுக்காரர் சொன்னபடி இரவுச் சோற்றையும் நிறுத்தினேன். ஒரு வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர். காலையில் வெறும் காபி. பத்து நாளில் மூன்று கிலோ இறங்கியது. நான் தெருவில் நடக்கிற நடையே மாறிப்போனது.

பதினோராம் நாள் காலை ஷிஃப்ட். ஒன்பது மணி இருக்கும். கூடுகள் எல்லாம் கொஞ்சம் மங்கலாக வருவதுபோல இருந்தது. லைட்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அடுத்து நின்ற பெண் தயங்கித் தயங்கி ஒரு கூட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதில் என் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். நான் சரி என்று அனுப்பியிருக்கிறேன். பதினாறு வருடத்தில் என்னிடமிருந்து அப்படி ஒன்று தப்பிப் போனதில்லை. எனக்கு மயக்கம் வந்தது அந்தக் கீறலைப் பார்த்தா, பசியிலா என்று இன்றும் தெரியாது. சூப்பர்வைசர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

தோழி கேன்டீனிலிருந்து நாலு இட்லியோடு வந்தாள்.

"திங்கியா, ஊட்டி விடவா?"

"இன்னும் ரெண்டு வாரம்தான்க்கா…"

"எதுக்குட்டி? திரும்பவும் பொண்ணு பாக்க வாராவளா?"

நாலு இட்லியையும் தின்றேன். சட்னி கொஞ்சம் காரம். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைத்தான் காரணம் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அவள் ஜிம்மில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டாள். பயிற்சிக்காரி ஒன்றும் திட்டவில்லை. மூலையில் இருந்த எடை மெஷினைக் குப்புறப் போட்டு, பேட்டரியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு மாசம் இது தூங்கட்டும். நீங்க மூணு வேளையும் துன்னுங்க. முட்டை, பயறு, மீனு, இன்னா புடிக்குதோ. நான் சொல்றத மட்டும் தூக்குங்க" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பமானது. முதல் வாரம் வெறும் கையோடு உட்கார்ந்து எழுந்தோம். எனக்கு இடது முழங்கால் சத்தம் போடும். பக்கத்தில் வயசுப் பெண்கள் பாட்டுக்குக் குதித்தார்கள். நானும் குதிக்கப் போனபோது அவள் ஓடி வந்து தடுத்தாள். "அக்கா, நீங்க வேணாம். முட்டியும் பாவம், கீழ டைல்ஸ் கடையும் பாவம்." மாதவிலக்கு நிற்கிற வயதில் வருகிற சூடு எனக்குத் திடீர் திடீரென்று வரும். ஏசியைக் கூட்டச் சொல்வேன். வயசுப் பெண்கள் துப்பட்டாவைப் போர்த்திக்கொள்வார்கள்.

தோழிக்குக் கூச்சம் என்பதே கிடையாது. வீட்டுக்காரரின் பழைய கம்பெனி டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வருவாள். கண்ணாடி முன் நின்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துப் பார்ப்பாள். "மூணு பேரு குடியிருந்து காலி பண்ணுன வீடு. சுவரு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்" என்பாள். நான் மட்டும் வெகுநாள் வரை கண்ணாடிக்கு முதுகைக் காட்டியே நின்றேன். பின்னாலும் கண்ணாடி இருக்கிறது என்பது அடிக்கடி மறந்துவிடும்.

இரண்டாவது மாதம் முடிகிற சமயம், பத்து கிலோ எடையைக் கையில் பிடித்து உட்கார்ந்து எழுந்தேன். பன்னிரண்டு தடவை. எட்டாவதில் தற்செயலாகக் கண்ணாடியில் என் தொடை கண்ணில் பட்டது. வயிற்றைப் பார்க்காமல் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தளும்பாமல் நிற்கிறதே என்று. வயிறும் அதே இடத்தில்தான் இருந்தது. அதோடு எனக்கு அன்று சண்டை இல்லை. மறுநாள் மறுபடி சண்டை வந்தது, அது வேறு விஷயம். இப்போதும் வாரத்தில் ஒரு நாளாவது வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மறுபடி ஆலோசனை சொல்ல ஆரம்பித்தார்.

"இன்னும் அப்டியேதான கீற? சும்மா துட்டு தண்டம்."

"நீங்க கைய ஊணாம அந்தச் சேர்லேந்து எழுந்துருங்க பாப்போம்" என்றேன்.

"இது இன்னா பெரிய விஷயம்" என்று எழப்பார்த்தார். சேரும் அவரோடு சேர்ந்து எழுந்தது. இரண்டாவது தடவை மூச்சை இழுத்து முயற்சி செய்து, "சேர் பள்ளமா கீது" என்றார். மரச் சேருக்கு மாறிப் பார்த்தார், அதுவும் பள்ளமாகவே இருந்தது. நான் சிரிக்கவே கூடாது என்று சமையலறைக்குப் போய்விட்டேன். அடுத்த ஞாயிறு காலை, லாரிகள் வராத ஏரிக்கரைச் சாலையில் நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். "உனக்குத் தொணையா வரேன்" என்றார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஷூ லேஸ் கட்ட நின்றார். அவர் போட்டிருந்தது லேஸ் இல்லாத செருப்பு.

ஐந்து மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஜிம்முக்கு இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன தை மாதம் வாலாஜாபாத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். புது ரவிக்கை தைக்க எங்கள் தெருத் தையல்காரியிடம் போனேன். வழக்கம்போல அளவு ரவிக்கையைக் கொடுத்து, "இதே அளவுதான்" என்றேன்.

அவள் அதை மேசையில் விரித்து, பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. இத நீங்க மொதல்ல குடுத்து எட்டு வருஷம் ஆவுது. இந்த அளவுல நான் உங்களுக்கு ஒண்ணுகூட தச்சதில்ல. வருஷா வருஷம் நானே கொஞ்சம் கொஞ்சமா வுட்டுத்தான் தைக்கிறேன்."

"அடிப்பாவி, சொல்றதுக்கு இன்னா?"

"அதே அளவுதான்னு சொல்லிட்டு சந்தோஷமா போவீங்க. அத ஏன் கெடுப்பானேன்னு வுட்டுட்டேன்."

எனக்கு முகம் சூடேறியது. எட்டு வருடமாக என் உடம்பைப் பற்றிய உண்மை அவள் நோட்டில் பென்சிலில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "டேப்ப எடு" என்றேன். கையைத் தூக்கி நின்றேன். மூச்சை உள்ளே இழுக்கவில்லை. அவள் மார்பு, இடுப்பு எல்லாம் அளந்து எண்களைச் சத்தமாகவே சொன்னாள். புஜத்துக்கு வந்ததும் நின்றாள்.

"இன்னாக்கா இது, கல்லு மாதிரி கீது?"

"மடக்கிக் காட்டட்டா?"

"வேணாம், டேப்பு பிஞ்சிடும்."

கல்யாணத்தில் அந்த ரவிக்கையில் நிம்மதியாக உட்கார்ந்தேன், நிம்மதியாக மூச்சுவிட்டேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கிற குரலில், "இன்னாடி, இப்டி பெருத்துட்ட?" என்றாள்.

"ஆமா சித்தி. இடுப்பு நாப்பது இஞ்ச். போன வாரம்தான் அளந்தாங்க" என்றேன்.

அதற்குள் பாயச வாளியோடு பரிமாறுகிறவர் வந்து நின்றார்.

"அப்போ உனக்குப் பாயசம் வேணாமா?" என்றாள் சித்தி.

"வேணும்" என்றேன்.