ஆறு பேருக்கு ஒரு கார்

பழைய காரில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. பின் இருக்கையின் நடுவில். காலுக்கடியில் மேடு இடிக்கும், முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட வரும். ஆனாலும் அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு பக்கம் தம்பியின் மூத்த மகள், மறுபக்கம் இளையவள். எங்கள் ஊரான கூலிமிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் இரண்டு தலைகளும் என் தோளில் சாய்ந்துவிடும். கை மரத்துப்போகும். அசைக்க மாட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். நான் எஸ்டேட்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஹைடெக் பூங்காவில் சிப் செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தேன். இன்றும் அங்கேதான். உடல் முழுவதையும் மூடும் வெள்ளை உடுப்பு, முகமூடி, தொப்பி. கண் மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்பது யாரென்று நடையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு ஷிப்ட் முழுக்க யாரும் என் முகத்தைப் பார்க்காமலே வீடு திரும்பும் நாள்கள் உண்டு. அதனால்தானோ என்னவோ, சனிக்கிழமை அந்தப் பின் இருக்கையில் நெருக்கியடித்து உட்காருவது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தம்பிக்குக் கல்யாணமாகி அவன் மனைவி வீட்டுக்கு வந்தபோது, இருங்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. நான் இருந்துவிட்டேன். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அதிகம் பேசாதவள். தம்பியைப் போலவே அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் மூன்றாவது முறை உண்டாகியிருந்தபோது ஸ்கேன் எடுத்த டாக்டர் ரெட்டை என்றார். அன்று மாலையிலிருந்து தம்பிக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. சாப்பிடும்போதும் கைப்பேசியில் கார் வீடியோதான். மூன்றாம் வரிசைக்குத் தனி ஏர்கோன் உண்டா, கதவு பக்கவாட்டில் நகருமா, இரட்டைத் தள்ளுவண்டி பின்னால் மடங்கி நிற்குமா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருப்பான். முன்பெல்லாம் சட்டை எடுப்பதென்றாலும் என்னைத்தான் கேட்பான். நான் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துபோவேன். அதில் தப்பொன்றும் இல்லை. கார் அவர்களுக்கு, வயிறு அவளுக்கு.

அவளுடைய அம்மா வீடு அலோர் ஸ்டாரில். ஒரு சனிக்கிழமை அங்கே போகிற வழியில் நகரத்தின் கார்க் கடை ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டோம். கூரூன் தாண்டி வயல் தொடங்கும்வரை பிள்ளைகள் இருவரும் என் மேல் தூங்கினார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் தம்பியின் மனைவி கழிப்பறையைக் கேட்டுக்கொண்டு போனாள். பிள்ளைகள் பளபளக்கும் கார்களுக்கு நடுவே ஓடத் தொடங்கினார்கள். எங்களைக் கவனிக்க வந்தவர் தமிழ்ப் பையன். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார், நல்ல மரியாதை. என்னைப் பார்த்து அக்கா வாங்க என்றார். தம்பியைப் பார்த்து வேலைக்கு வந்தார்.

"வீட்ல எத்தன பேரு அண்ணே?"

தம்பி விரலை மடக்கினான். "நாங்க ரெண்டு பேரு. பிள்ளைங்க ரெண்டு. வரப்போறது ரெண்டு. ஆறு."

இளையவளின் ஒரு சப்பாத்து என் கையில் இருந்தது. ஓடும்போது காலிலிருந்து கழன்று விழுந்ததை எடுத்து வைத்திருந்தேன்.

ஆறு பேர் என்றால் ஆறு இருக்கை வண்டியே போதும் என்று அந்தப் பையன் விளக்கினார். நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு நாற்காலி, இடையில் நடந்து போகலாம், சொகுசு. சொல்லிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அக்கா?"

"அக்கா நம்ம கூடத்தான் இருக்காங்க" என்றான் தம்பி. "ஷிப்ட் வேலலா. வெளிய போறப்ப அவ்வளவா வரமாட்டாங்க."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு அது உண்மையாகவே தோன்றியிருக்கும். சனிக்கிழமைகள் ஓய்வாக அமைய வேண்டும் என்று நான் எத்தனை பேரிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டேன், பெருநாள் வாரங்களில் யார் யாருக்காக நின்று வேலை செய்து கொடுத்தேன் என்பதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதில்லையே.

"ஆமா தம்பி" என்றேன் அந்தப் பையனிடம். "எனக்குக் கம்பெனி பஸ் இருக்கு."

ஓட்டிப் பார்க்க வண்டியை வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். அதற்குள் தம்பியின் மனைவியும் திரும்பி வந்திருந்தாள். எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். தம்பி கண்ணாடியை இறக்கி, வருகிறீர்களா அக்கா என்று கேட்டான். இடமும் இருந்தது. நீங்கள் போய்விட்டு வாருங்கள், பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வண்டி வளைந்து சாலையில் கலந்தது. சப்பாத்தைக் கொடுக்க மறந்துபோயிருந்தேன்.

கடைக்குள் குளிர் அதிகம். ஏழு இருக்கை வண்டியொன்று ஓரமாக நின்றது. கதவு திறந்திருந்தது. என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. நடு இருக்கையை மடக்கி, குனிந்து, பின்னால் போய் உட்கார்ந்தேன். புது பிளாஸ்டிக் வாசனை. முன்னால் இருக்கைகளின் தலைச்சாய்வுகள் வரிசையாக நின்றன, ஆள்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது போல.

யாரோ எட்டிப் பார்த்தார்கள். கடையில் வேலை செய்யும் மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும், இளஞ்சிவப்பு முக்காடு. திட்டப்போகிறார் என்று எழப்போனேன். அவர் சிரித்துக்கொண்டு உட்காரச் சொல்லி, நடு இருக்கையில் ஏறி என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"அனாக் பெராப்பா?" என்று கேட்டார். பிள்ளைகள் எத்தனை என்று.

"எம்பாட்" என்றேன்.

நான்கு. சொல்லிய பிறகுதான் என் வாயிலிருந்தா வந்தது என்று திகைத்தேன். அவருக்கு அதில் சந்தேகம் ஒன்றுமில்லை. அப்படியானால் இதுதான் உங்களுக்குச் சரி என்று ஆரம்பித்தார். தனக்கு ஐந்து என்றார். பெரிய பிள்ளைகளைப் பின்னால் போடுங்கள், சின்னதுகளைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள், வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஜன்னலோரம் என்று வரிசையாகச் சொன்னார். நானும் கேட்டேன். பள்ளிப் பைகளை எங்கே வைப்பது, பால் போத்தலுக்கு இடம் உண்டா, இந்தத் துணியில் மைலோ கொட்டினால் கறை போகுமா. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். யாரும் என்னிடம் அப்படிப் பேசி நெடுநாளாகியிருந்தது. அவர்கள் திரும்பி வரத் தாமதமானால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன்.

வந்துவிட்டார்கள். அத்தை, அத்தை என்று கூவியபடி இளையவள் ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிவந்து வண்டிக்குள் ஏறி என் மடியில் விழுந்தாள். பெரியவளும் இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தை என்ற சொல் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கதவருகே வந்து நின்ற தம்பியின் மனைவியைப் பார்த்து, பிள்ளைகள் அம்மாவிடம் ரொம்பச் செல்லம் போலிருக்கிறதே என்று மலாயில் சொன்னார்.

எனக்கு முகம் எரிந்தது. தம்பியின் மனைவி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் மலாயிலேயே சொன்னாள்: "ஆமாம். ரெண்டும் இவங்ககிட்டதான் செல்லம்."

 அவரைத் திருத்தவில்லை. தம்பியிடம் திரும்பி எந்த வண்டி என்று கேட்டாள். அவன் ஆறு இருக்கை வண்டியின் சொகுசைச் சொல்லத் தொடங்கினான்.

"ஏன் ஆறு?" என்றாள்.

அவன் மறுபடி விரலை மடக்கினான். பாதியில் நின்றுபோனான்.

"நாம ஏழு பேருங்க" என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தவறிய பிள்ளையிடம் பேசுகிற குரல். கோபமில்லை.

அவர்கள் ஏழு இருக்கை வண்டியையே எடுத்தார்கள். அவள் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து, கோவமா அக்கா என்று கேட்டான். இல்லடா என்றேன். அது உண்மைதான். கோபம் இல்லை. வேறென்னவோ. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

ஆண் குழந்தைகள் இரண்டு பிறந்தார்கள். புது வண்டியில் நடு வரிசையின் இரு ஓரத்திலும் குழந்தை நாற்காலிகள், இடையில் அவர்கள் அம்மா. உயரமாகிவிட்ட பெரியவள் முன்னால் அப்பாவின் பக்கத்தில். கடைசி வரிசையில் நானும் இளையவளும். கால் நீட்ட இடம் இருந்தது. மேடு இல்லை. இளையவள் இப்போதெல்லாம் கண்ணாடியில் சாய்ந்து தூங்கப் பழகிவிட்டாள். பின்னால் ஏர்கோன் சத்தமும் சக்கரச் சத்தமும்தான். முன்னால் யாரோ ஏதோ சொல்வார்கள். தோள்கள் குலுங்கும், சிரிக்கிறார்கள் என்று தெரியும், எதற்கென்று தெரியாது. என்ன என்று கேட்பேன். தம்பியின் மனைவி தலையைத் திருப்பி எனக்காக மறுபடி சொல்வாள். ஒருமுறை கூட அவள் சலித்துக்கொண்டதில்லை. ஆனால் இரண்டாம் முறை சொல்லும்போது அது சிரிப்பாக இருக்காது. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டேன். கணக்கில் சேர்ந்தவர்களெல்லாம் பேச்சிலும் சேர்ந்துவிடுவதில்லை. இதற்கு யாரைக் குறை சொல்வது?

போன பள்ளி விடுமுறையில் எல்லாரும் லங்காவித் தீவுக்குப் போவதென்று முடிவாயிற்று. எனக்கு லீவு கிடைக்கவில்லை. நாள் கணக்கில் புது வண்டியைப் படகுத்துறை வெயிலில் போட்டுவைக்கத் தம்பிக்கு மனமில்லை. நானே ஓட்டிப் போய் இறக்கிவிட்டு, திரும்பும்போது வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றேன்.

கோலா கெடா துறையில் சாமான்களை இறக்கினோம். மீன் சந்தையின் ஈர வாடை காற்றில் இருந்தது. குழந்தைகளில் ஒருவன் என் கழுத்துச் சங்கிலியை விடமாட்டேன் என்றான். விரல்களைப் பிரித்து எடுத்து, அவனை அம்மாவிடம் கொடுத்தேன். படகு ஆற்று முகத்தை நோக்கித் திரும்பியபோது இளையவள் ஜன்னலில் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அவள் பார்த்தது என்னையல்ல, எனக்கு அப்பால் நின்ற யாரையோ. கண்ணாடி வழியாக அடையாளம் தெரிந்திருக்காது.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். பக்கத்திலும் பின்னாலும் ஆறு இருக்கைகளும் காலி. வந்த வழியே நெடுஞ்சாலைக்குப் போகாமல் கடலோரச் சாலையில் யான் என்ற ஊர்ப் பக்கம் திரும்பினேன். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் மரங்களுக்கு இடையே கடல். எதிரே ஜெராய் மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. வழியில் ஒரு கடையில் நிறுத்தி லக்சா சாப்பிட்டேன். கடைக்காரர் தனியாகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

சாப்பிட்டு முடிக்கையில் தம்பியின் மனைவியிடமிருந்து செய்தி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். கடற்கரையில் பிள்ளைகள் நிற்கும் படம். அடியில், "அக்கா, அடுத்த தடவ லீவ முன்னாடியே போட்டுடுங்க" என்று எழுதியிருந்தாள்.

சரிம்மா என்று பதில் போட்டேன். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிறகு காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். இரவு ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. மெதுவாகவே ஓட்டினேன்.