செவ்வந்தி நிழலில் ஊதா

எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டரில் என் ப்ராஜெக்ட் ஒரு உப்புக் கட்டி. பொட்டாசியம் குளோரைடு, பார்க்கக் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். காமா கதிர் பட்டால், உள்ளே குளோரின் இல்லாத காலி இடங்களில் எலக்ட்ரான்கள் போய் மாட்டிக்கொள்ளும், கட்டி ஊதாவாகிவிடும். வெளிச்சம் பட்டால் அவை தப்பித்துவிடும், நிறமும் போய்விடும். அதனால் கறுப்புக் காகிதத்தில் சுற்றித்தான் வைப்போம்.

கட்டிக்குக் காமா கதிர் பாய்ச்சித் தந்தது ஒரு வெளியூர் ஆய்வுக்கூடம். ஒரே கட்டிதான். மறுபடி கேட்டால் அடுத்த வருஷம்தான் முறை வரும். என் பட்டமும் அதோடு தள்ளிப்போகும். சாயங்காலம் பொத்தேரியில் எங்கள் கல்லூரியில் கட்டி கைக்கு வந்தது. நிறத்தை அளக்கும் கருவி தாம்பரத்தில் வேறொரு கல்லூரியில், அளப்பது மறுநாள் காலை. நடுவில் பீர்க்கன்கரணையில் எங்கள் வீடு.

பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து நான் கொண்டுவரும் எதுவும் முதலில் சாமி அலமாரிக்குத்தான் போகும். அம்மாவின் வழக்கம் அது. காலையில் குளித்துவிட்டு வந்தால், கட்டி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவோடு சாமி படத்தின் முன்னால், ஜன்னல் வெயிலில் இருந்தது. மூடிமேல் ஒரு செவ்வந்திப் பூ.

"பேப்பர் எங்கம்மா?"

"சாமி முன்னாடி கறுப்ப வெப்பாங்களா? எடுத்துட்டேன்."

"வெளிச்சம் பட்டா கலர் போயிடும்மா."

"உப்புன்னுதானே சொன்ன. உப்பு எங்கயாச்சும் சாயம் போவுமா?"

பூவை எடுத்தேன். கட்டி வெளுத்திருந்தது. பூ இருந்த இடத்துக்குக் கீழே மட்டும் ஊதா வட்டம். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். என் கைடு மேடம் கருவி அறையில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா அளந்து எடு. ஒரே கட்டியில வெளுத்தது, வெளுக்காதது ரெண்டும் கெடைக்குது. தலைப்பை மட்டும் மாத்திக்கலாம்."

எடுத்தோம். ஊதாப் பக்கத்தை அளந்தபோது திரையில் கோடு மலையாக எழுந்தது. வெளுத்த பக்கத்தில் சின்ன மேடு.

"மறைப்பு என்னன்னு எழுதறது மேடம்? ஒளிபுகாத பொருள்னு போட்டுடவா?"

"பொய். பூவுக்குள்ள வெளிச்சம் கொஞ்சம் போவும். பூன்னே எழுது."

அப்படியே எழுதினேன். வைவாவில் வெளித் தேர்வாளர் அந்த வரியில் மட்டும் நின்றார். "செவ்வந்தியா?" என்றார். "ஆமா சார்" என்றேன். அடுத்த பக்கம் புரட்டினார்.

பட்டச் சான்றிதழ் வந்த அன்று அம்மா அதை அலமாரிக்கு எடுத்துப் போனாள். வைக்கும் முன் நின்று, திரும்பிக் கேட்டாள்:

"இத வெளிச்சத்துல வெக்கலாமா?"