என் குடை எங்கே?

வலது கை ஆள்காட்டி விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கணினித் திரையை முறைக்கிறார் சார். "உனக்கு எதுக்குப்பா எங்க காலண்டரு? சரி, பாத்துக்கோ. பாக்க மட்டும்தான். கைய வச்சே, தொலைச்சிடுவேன்." இவ்வளவும் சொன்ன பிறகுதான் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்துகிறார்.

எங்கள் அலுவலகக் கணினிகளைக் கட்டி மேய்ப்பவர் இவர்; பக்கத்து மேஜை என்னுடையது. நிர்வாகம் புதிதாக ஒரு ஏஐ தேடல் கருவி வாங்கியிருக்கிறது. பேச்சு வாக்கில் ஒரு கேள்வி கேட்டால் போதும், அலுவலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் துழாவிப் பதில் சொல்லுமாம். ஆனால் மின்னஞ்சல், கோப்புகள், அரட்டை, விடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கம்பெனியின் செயலி வைத்திருக்கிறோம். அவற்றை ஒவ்வொன்றாக இணைத்துவிட்டால்தான் கருவிக்குக் கண் தெரியும். அந்த வேலை இவர் தலையில் விழுந்திருக்கிறது.

இணைத்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? வேறு யாராவது என்றால் விற்பனை அறிக்கையைத் தேடுவார்கள். இவர் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் தட்டச்சு செய்வார்: "என் குடை எங்கே?"

நீலக் குடை. பிடி, வாத்தின் தலை. மனைவியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஆசை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்த மழைக்காலத்திலேயே காணாமல் போய்விட்டது. மச்சான் லேசுப்பட்ட ஆள் இல்லை. போன் செய்தால் தங்கையின் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "மாப்ளே, வாத்து எப்படி இருக்கு?" என்பார். இவரும் வருஷக்கணக்காக, "ஆபீஸ்லதான் இருக்கு மச்சான்... பத்திரமா இருக்கு" என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு பச்சைப் பொய் சொல்லி வருகிறார். மனைவிக்கும் அதே பதில்தான்.

மின்னஞ்சலை இணைத்தபோது கருவி ஒரு குவியல் கடிதங்களைக் கொண்டுவந்து கொட்டியது. அத்தனையும் 'என் குடையை யாராவது பார்த்தீர்களா?' என்று இவரே எழுதியவை. விடுப்புச் செயலியிலிருந்து, குடை தேடுவதற்காக இவர் அரை நாள் கேட்டு நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் வந்தது. அரட்டைச் செயலியில்தான் வம்பு. அவரவர் பேசியதை அவரவருக்கு மட்டும் காட்டும்படி அமைக்க மறந்துவிட்டார். அலுவலகமே பேசியது மொத்தமாக இவர் திரையில் வந்து விழுந்தது. 'வாத்து வருது, ஓடு' என்று நான் வரவேற்பறைப் பெண்ணுக்கு அனுப்பியதும் அதில் ஒன்று.

நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினார். "வாத்துன்னா நானா?"

"ஐயோ, குடையச் சொன்னேன் சார்."

"குடை வருதுன்னா நான் ஏம்ப்பா தேடப் போறேன்?" என்று கேட்டுவிட்டு, அனுமதியைச் சரிசெய்தார். அதோடு சரி, எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத மனிதர். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்த வாரம் கத்தி கழுத்துக்கு வந்துவிட்டது. மச்சான் சனிக்கிழமை வருகிறாராம். "வாத்த வீட்டுக்குக் கொண்டாந்து வைங்க மாப்ளே. இல்லாட்டி நானே ஆபீசுக்கு வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் கையில் அகப்பட்டதையெல்லாம் இணைக்கிறார். வண்டி நிறுத்துமிடச் செயலி, கேண்டீன் புகார்ச் செயலி, எதையும் விடவில்லை.

"இதையெல்லாம் யாரும் தொறந்துகூடப் பாக்குறதில்லையே சார்" என்றேன்.

"யாரும் பாக்காத எடத்துலதாம்ப்பா பொருள் இருக்கும்."

வெள்ளிக்கிழமை மதியம் கட்டடப் பராமரிப்புச் செயலி ஒன்றுதான் பாக்கி. விளக்கு எரியாவிட்டால், கதவு மூடாவிட்டால் அதில்தான் புகார் போட வேண்டும். விரலைத் துடைத்தார். மிரட்டினார். அழுத்தினார். குடையைக் கேட்டார்.

'உங்கள் குடையைப் போன்ற ஒன்று, ஒரு பழைய புகாரின் படத்தில் உள்ளது. இடம்: கணினிப் பிரிவு, கூரைப் பலகைக்கு மேலே' என்றது கருவி. அடியில் குழாய்க்காரர் எழுதிய குறிப்பு: 'ஏசி பைப்பு ஒழுகுது. இப்போதைக்கு இங்க கெடந்த குடைய விரிச்சு வச்சிருக்கேன். அப்புறமா வந்து சரி பண்றேன்.' புகாரின் நிலை: முடிந்தது.

இருவரும் அண்ணாந்து பார்த்தோம். சரியாக அவருடைய மேஜைக்கு மேலே. செருப்பைக் கழற்றிவிட்டு மேஜை மேல் ஏறினார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். பலகையை நகர்த்தித் தலையை உள்ளே நுழைத்தார்.

"என்ன சார்?"

"நீந்துதுப்பா."

நானும் நாற்காலியில் ஏறி எட்டிப் பார்த்தேன். தலைகீழாகப் பாதி விரிந்த குடையில் தண்ணீர் தேங்கியிருந்தது. நடுவில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வாத்து நின்றது. குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. குடையை அசைத்தால் அத்தனை தண்ணீரும் கீழே இருக்கும் கணினி மேல்தான் கொட்டும்.

"எடுத்தா கம்ப்யூட்டர் போச்சு. எடுக்காட்டி என் மானம் போச்சு" என்று மேலிருந்து முனகினார். பாவமாக இருந்தது, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

அப்போது பார்த்து அவர் சட்டைப் பையில் கைபேசி அலறியது. மச்சான், வீடியோவில். "மாப்ளே! நாளைக்கு வர்றேன், ஞாபகம் இருக்குல்ல? வாத்து எங்கே?"

"ஆபீஸ்லதான் இருக்கு மச்சான்!" இந்த முறை எச்சில் விழுங்கவில்லை. மாடியே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார். பிறகு கைக்குட்டையை எடுத்து, வாத்தின் அலகை இரண்டு பக்கமும் பதமாகத் துடைத்துவிட்டு, கைபேசியை அதன் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.