மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்

யட்டவத்த பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் திருத்த வேண்டிய கொப்பிகள் நிறைந்த பையுமாகச் சிவநந்தினி தன் வீட்டுச் சந்துக்குள் திரும்பியபோது, அங்கே ஒரு கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது.

வெள்ளைக் கார். முன் கண்ணாடியில் சந்தனக் கோடுகள், நடுவில் குங்குமம். பொனட்டின் மேல் செவ்வந்தி மாலை. சக்கரங்களில் நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மன் கோயிலில் புது வண்டிக்குப் பூசை வைத்து எடுத்து வந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. வண்டி மட்டும்தான் புதிதில்லை.

அவளுக்கு அந்தக் காரைத் தெரியும். மாத்தளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஷிமின் கார் அது. அதை லீசிங் கடனில் எடுக்கலாம் என்று அவளுடைய கணவன் பிரதீபன் கொஞ்ச நாட்களாகவே சொல்லிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வரைக்கும் யோசிக்க விடுங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். அதுவரை ஓட்டிப் பார்க்கட்டும் என்று வியாழக்கிழமை காலையில் ஹாஷிம் சாவியைக் கொடுத்திருந்தார். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த காரை, இன்று வெள்ளிக்கிழமை என்பதால், மாமியார் வேலம்மா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசையையே முடித்துவிட்டார்.

வேலம்மா வாசலில் விபூதித் தட்டோடு நின்றார்.

"காலைக் கழுவிட்டு வந்து கும்பிட்டுக்க நந்தினி. உன் பேரு, உன் நட்சத்திரம் சொல்லித்தான் ஐயர் அர்ச்சனை பண்ணினாரு."

கடன் அவள் பெயரில்தான் வரப்போகிறது என்பதால் அர்ச்சனையும் அவள் பெயரில். சிவநந்தினி கால் கழுவினாள், விபூதி பூசிக்கொண்டாள், உள்ளே போய்ப் பையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பூசை வைத்த வண்டியைத் திருப்பிக் கொடுப்பதென்றால், நிச்சயம் பண்ணின பெண்ணை வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது போலத்தான் அவர்கள் வீட்டில். அது வேலம்மாவுக்கும் தெரியும், பிரதீபனுக்கும் தெரியும்.

சிவநந்தினி ஒரு தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். காலையில் இருட்டோடு எழும்பி, சமைத்து, இரண்டு பஸ் மாறிப் போவாள். முதல் பஸ்ஸில் இடம் கிடைத்தால் இரண்டாவதில் கிடைக்காது. அவளுடைய குடும்பத்தில் மாதச் சம்பளத் துண்டு என்று ஒன்று இருப்பது அவளிடம் மட்டும்தான். அதனால் சொந்தக்காரர்களில் யாருக்கு எந்தக் கடன் தேவைப்பட்டாலும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு வருவார்கள்.

தம்பி கஜீபனும் அப்படித்தான் வந்தான். லீசிங்கில் த்ரீவீல் எடுத்து ஓட்ட வேண்டும், அக்கா கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். போட்டாள். சில மாதம் ஒழுங்காகக் கட்டினான், அப்புறம் கட்டவில்லை. கம்பனிக்காரர்கள் வந்து த்ரீவீலைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் மிச்சக் கடன் மிஞ்சியது. அதை அவளுடைய சம்பளத்தில்தான் பிடித்தார்கள். கஜீபன் இப்போது கட்டாரில் இருக்கிறான். தினமும் காலையில் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூப் படம் அனுப்புவான்.

பிரதீபன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு லொறி ஓட்டியவன். ஒரு நாள்கூடக் குடித்துவிட்டு ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. நாட்டில் பெட்ரோலும் காசும் இல்லாமல் எல்லாம் தலைகீழான அந்த வருஷத்துக்குப் பிறகு கடை இழுத்துக்கொண்டே போய், கடைசியில் மூடிவிட்டது. அன்றிலிருந்து அவன் வீட்டில்தான். தண்ணீர் பிடித்து வைப்பான், வாசலைக் கூட்டுவான், மகனை டியூஷனுக்குக் கூட்டிப் போவான். மிச்ச நேரத்தில் கைபேசியில் எஞ்சின் கழற்றிப் பூட்டும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கார் விஷயத்தில் அவன் சொன்னதெல்லாம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மாத்தளையில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத வீடில்லை. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடினாலே போதும், அதோடு கண்டி ஆஸ்பத்திரி, கல்யாணம், காரியம். மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டதே என்று அவள் கேட்டதற்கு, அதுதான் அந்தக் காரின் நல்ல குணமே என்றான். மற்றவர்கள் மீட்டரைத் திருப்பி வைத்து விற்கிறார்கள், ஹாஷிம் நானா உள்ளதை உள்ளபடி விட்டிருக்கிறார், இவ்வளவு ஓடியும் நிற்காத எஞ்சின் இனிமேலா நிற்கப்போகிறது என்றான்.

லீசிங் கம்பனியிலிருந்து டை கட்டிய ஒரு பையனும் வீட்டுக்கு வந்து போயிருந்தான். வண்டி பழசு என்பதால் அதிக வருஷம் தர முடியாது, ஆகவே மாதத் தவணை கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். கொஞ்சம் என்று அவன் சொன்னது அவளுடைய சம்பளத்தில் பாதிக்கு மேல். ஹயர் ஓடினால் கட்டிவிடலாம். ஓடாவிட்டால் என்ன என்பதை அந்தப் பையனும் பேசவில்லை, பிரதீபனும் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாடு போடும்போது அவள் சொன்னது ஒன்றுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தானும் ஒரு தடவை அந்தக் காரில் ஏறிப் பார்க்க வேண்டும், நாளைக்குக் கண்டிக்குப் போய் வரலாம் என்றாள். பிரதீபன் சோற்றைப் பிசைந்துகொண்டே, கண்டி எதற்கு, நாலந்தா பக்கம் போவோமே, ரோடு நன்றாக இருக்கும் என்றான். மகனின் கால் வளர்ந்துவிட்டது, கண்டியில் புதுச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று அவள் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் அவள் காரில் ஏறுவதைப் பக்கத்து வீட்டு றிப்கா மதிலுக்கு மேலால் பார்த்தாள்.

"டீச்சர், இனி எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா? இல்லாட்டி கண்ணாடிய ஏத்திட்டுப் போயிருவீங்களா?"

"கண்ணாடி ஏறுதான்னு பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள் சிவநந்தினி.

கார் கிளம்பியது. இருக்கை அமுங்கிப் போயிருந்தாலும் மெத்தென்றுதான் இருந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. யாருடைய முழங்கையும் விலாவில் குத்தவில்லை, யாருடைய கூடையும் காலில் இடிக்கவில்லை, முன்னுக்குப் போங்க முன்னுக்குப் போங்க என்று யாரும் கத்தவில்லை. அவள் தலையைப் பின்னால் சாய்த்தாள். பிரதீபன் ஸ்டீயரிங்கில் கை வைத்திருந்த விதத்தைப் பார்த்தாள். வீட்டில் கூனிக்கொண்டு நடப்பவன் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முன்னால் போன பஸ்ஸை ஒரு சின்ன ஹோர்ன் அடித்து முந்தினான். திங்கட்கிழமை போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. இந்தச் சுகத்துக்காகவாவது போடலாம் போலிருந்தது. கண் சொருகிக்கொண்டு வந்தது.

பலகடுவ ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் ஏசி நின்றது. அவன் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வெளிக்காற்று நல்லா இருக்கு என்றான். இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் அவளுடைய பாதத்தில் சூடு பட்டது. வெயில் என்று நினைத்து முதலில் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். வெயில் இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழிருந்து அனல் மாதிரிக் காற்று வந்துகொண்டிருந்தது. பிரதீபனின் கழுத்தில் வியர்வை ஓடியது. அவன் ரோட்டைப் பார்க்கிறான், உடனே மீட்டருக்குப் பக்கத்தில் சூட்டைக் காட்டும் சின்ன முள்ளைப் பார்க்கிறான், மறுபடி ரோட்டைப் பார்க்கிறான்.

மேலே தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான். ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை.

"ஹீட்டர் ஏன் போட்டிருக்கீங்க?"

அவன் நேராகப் பார்த்துக்கொண்டே, "கண்ணாடில பனி புடிச்சிச்சு" என்றான்.

வெளியே மண்டை பிளக்கும் வெயில். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை.

"லொறி ஓட்டுறப்ப நீங்கதான் சொல்லியிருக்கீங்க. எஞ்சின் கொதிச்சா ஹீட்டரைப் போட்டு விடணும், சூடு உள்ளுக்கு இறங்கும், மேல போய்ச் சேர்ந்துரலாம்னு. சமைச்சுக்கிட்டே கேட்டேன். மறக்கல."

கடைக்காரன் தேத்தண்ணியா என்று சைகையால் கேட்டான். அவள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

"இப்பதான் தெரியுமா, முந்தியே தெரியுமா?"

"வியாழக்கிழமையே தெரியும். சமதரையில ஒண்ணும் காட்டல. இந்த ஏத்தத்துல ஏறினப்பதான் முள்ளு ஏறிச்சு."

"தெரிஞ்சுக்கிட்டேயா அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"அம்மாதான் கேட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நானும்தான் நெனச்சேன். பூசை வச்சிட்டா உன்னால வேணாம்னு சொல்ல முடியாதுன்னு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அவன் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அந்த முகத்தை அவள் வருஷா வருஷம் பார்க்கிறாள்.

"வீட்ல இருக்க முடியல நந்தினி" என்றான் அவன். "நீ பையத் தூக்கிட்டுப் போயிடறே. மகன் ஸ்கூலுக்குப் போயிடறான். அதுக்கப்புறம் ரோட்ல ஒரு வண்டி சத்தம் கேட்டா, எந்த கியர்ல போகுதுன்னு உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். கேட்டுக் கேட்டுப் பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு. சாவின்னு ஒண்ணு கையில இருந்தாப் போதும்னு இருந்திச்சு. அது எந்தச் சாவியா இருந்தாலும்."

இத்தனை மாதமாக அவன் இதைச் சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை. வீட்டுக்கு வந்தால் கால் வலி, கொப்பி, சமையல், தூக்கம். கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது. அந்தப் பரிதாபத்திலேயே சரி என்று சொல்லிவிடவும் வாய் வரை வந்தது. தம்பிக்கும் அப்படிப் பரிதாபப்பட்டுத்தான் போட்டாள். கட்டுநாயக்காவுக்குப் போகிற யாரோ ஒரு பிள்ளை, பெட்டியும் கையுமாக நடு ரோட்டில், புகை வரும் காருக்குப் பக்கத்தில் நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். அந்தப் பிள்ளையிடம் பிரதீபன் எப்படி நிற்பான் என்றும் நினைத்துப் பார்த்தாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "உங்களுக்கு ஓட்ட ஒரு வண்டி வேணும். அது புரியுது. இதை எடுத்தா ஓட்ட மாட்டீங்க, கராஜுக்கும் வீட்டுக்கும் தள்ளிட்டுத் திரிவீங்க. அப்பவும் தவணை வந்துக்கிட்டுத்தான் இருக்கும்."

"பூசை வச்சாச்சே."

"வண்டிக்குத்தானே வச்சோம்? யாரு வாங்கினாலும் அவங்களுக்கு நல்லது நடக்கட்டும்."

முள் இறங்கும் வரைக்கும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கண்டிக்குப் போகவில்லை, காரை மாத்தளைக்கே திருப்பினார்கள். இறக்கத்தில் எஞ்சின் சத்தமில்லாமல், எந்தக் குறையும் இல்லாதது போல ஓடி வந்தது.

ஹாஷிம் கடை வாசலில்தான் நின்றார். சந்தனத்தையும் மாலையையும் பார்த்ததும் ஆளுக்குச் சந்தோஷம். பிரதீபன் விஷயத்தைச் சொன்னான். ஹாஷிம் தாடியைத் தடவிக்கொண்டார். தான் கொழும்புக்குக் குருநாகல் பக்கத்தாலேயே போய் வருவதாகவும், அந்த ஏற்றத்தில் கார் ஏறியே நாளாகிவிட்டதென்றும், சூடாவது தனக்குத் தெரியாதென்றும் சொன்னார். அது உண்மையா இல்லையா என்று சிவநந்தினிக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவர் பிரதீபனின் தோளில் கை போட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார்.

"தம்பி, செல்றதக் கேளுங்க. ரேடியேட்டர மாத்தினா செரி. அந்தச் செலவ நான் வெலையில கழிச்சித் தாறேன். இன்னமும் கொஞ்சம் கொறச்சும் தாறேன். வேற ஆளுக்கு இப்பிடித் தர மாட்டேன்."

சாவி இன்னும் பிரதீபனின் கையில்தான் இருந்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய பிள்ளைகளின் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பங்கை அவள் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் இழுத்துப் பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை. அவன் குறைந்த விலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தால், இன்று இல்லாவிட்டாலும் என்றாவது ஒரு நாள் தான் போட்டுவிடுவாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"வேணாம் நானா" என்று பிரதீபன் சொல்வது கேட்டது. "ரேடியேட்டர் மட்டுமில்ல. கொதிச்சுக் கொதிச்சு எஞ்சின்ல ஹெட் கேஸ்கட்டும் போகப் போகுது. பாத்துச் செய்ங்க."

ஹாஷிம் சாவியை வாங்கிக்கொண்டார். முகம் கொஞ்சம் வாடினாலும் மரியாதை குறையவில்லை. காரைக் கழுவித் தரட்டுமா என்று பிரதீபன் கேட்டதற்கு அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார்.

"வேணாம் வேணாம், அது அப்படியே கெடக்கட்டும். கோயில்ல வச்சதக் கழுவி எனக்கு ஏன் வம்பு? இனி இத ஒரு தமிழ் ஆளுக்குத்தான் விக்கோணும்."

டவுனிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். அவன் அவளுக்கு முன்னால் நடந்தான். சந்து முனையில் நின்று, அவள் வரும்வரை காத்திருந்து, சேர்ந்து நுழைந்தான்.

கார் இல்லாமல் வந்ததைப் பார்த்ததுமே வேலம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் மகனைக் கேட்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தார். அர்ச்சனை பண்ணி, தட்சணை கொடுத்து, பார்த்தவர்களுக்கெல்லாம் பொங்கல் கொடுத்துவிட்டு வந்ததைப் பற்றி, சுவரைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். படித்தவர்களுக்குச் சாமியும் கணக்குத்தான் என்றார். கடைசியில், அம்மனுக்கு என்ன பதில் சொல்வது என்று நேராகவே கேட்டார்.

சிவநந்தினி சொல்ல வாயெடுத்தாள்.

"நான்தான் வேணாம்னேன்மா" என்றான் பிரதீபன். "எஞ்சின் சரியில்ல. அவ கையெழுத்துப் போடத்தான் இருந்தா. நான்தான் விடல."

வேலம்மா அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மகன் தன் வாயால் சொல்லிவிட்டதால் அதற்கு மேல் கேட்க வழியில்லை. முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

சிவநந்தினி கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பிரதீபன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரோட்டில் ஒரு லொறி ஏறிப் போனது.

"எந்த கியர்?" என்று அவள் கேட்டாள்.

அவன் காதைத் தீட்டிக் கேட்டான். "செகண்ட்" என்றான். "லோட் கூடுதலா இருக்கு."