கீழ் வீட்டு உர டிரம்

தெருவில் அவளுக்குப் ‘பால்கவர் அக்கா’ என்று பெயர். நகராட்சி குப்பையைப் பிரிக்கச் சொல்வதற்கு வெகு காலம் முன்பே, காலிப் பால்கவர்களைக் கழுவி மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தவள் அவள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. காய்கறித் தோலெல்லாம் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளிக்குள் போய் உரமாகும். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் அவளுக்கு வேலை. அங்கே தூக்கிப்போடும் அட்டைப் பெட்டிகளைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்து அந்த வாளியில் சேர்ப்பாள்.

கீழ் வீட்டில் இருந்தது கொழுந்தனின் மனைவி, அவளுடைய ஓரகத்தி. தையல்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் பழத்தோலையும் பிளாஸ்டிக் பையையும் ஒரே முடிச்சாகக் கட்டித் தெருமுனையில் வீசியவள்தான். அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தவள் மூத்தவள்.

பிறகு நகராட்சியின் குப்பை வண்டி வீடு வீடாக வர ஆரம்பித்தது. காலையில் மூத்தவள் வேலைக்குப் போன பிறகுதான் வண்டி வரும். அதனால் இரண்டு வீட்டு வாளிகளையும் இளையவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். வண்டிக்கார அம்மா அவளைப் புகழ்ந்து துப்புரவு மேஸ்திரியிடம் சொல்ல, மேஸ்திரி சுகாதார ஆய்வாளரிடம் சொல்ல, ஆய்வாளர் நேரில் வந்து பார்த்தார். இளையவள் பெரிய நீல டிரம் ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் வரிசையாகத் துளை போட்டு, வாசலிலேயே வைத்திருந்தாள். மாடியில் இருந்த பெயிண்ட் வாளி யார் கண்ணில் படும்? தெருப் பெண்களைக் கூட்டி ஒரு நாள் விளக்கிச் சொல்லும்படி ஆய்வாளர் இளையவளைக் கேட்டுக்கொண்டுவிட்டுப் போனார்.

கூட்டத்தில் மூத்தவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இளையவள் அழகாகப் பேசினாள். ஒரு கை பச்சைக் குப்பைக்கு இரண்டு கை காய்ந்த இலை என்றாள். அது மூத்தவளின் வார்த்தை. கிளறும்போது கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள் என்றாள். அதுவும்தான். எங்கே கற்றாள் என்பது மட்டும் கடைசிவரை வாயில் வரவில்லை. எல்லோரும் கைதட்டியபோது மூத்தவளும் தட்டினாள், முகத்தில் ஈயாடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குள் புகைய ஆரம்பித்தது. படியில் இறங்கும்போதெல்லாம் அந்த நீல டிரம் கண்ணை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தால் கீழே ஒரு கிண்ணம் போவது வழக்கம். அந்த வாரம் போகவில்லை. மறுநாள் மதியம், இளையவள் துணி கொடுக்க வெளியே போயிருந்த நேரத்தில், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த மூத்தவள் மீன் தலையையும் குடலையும் காகிதத்தில் சுருட்டிக் கொண்டுவந்து டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்தாள். அதன்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்து அமுக்கி, பழைய குப்பையால் மூடினாள்.

இரண்டு நாளில் தெருவே மூக்கைப் பொத்தியது. எதிர்வீட்டுக்காரர் ஆய்வாளருக்கு ஃபோன் செய்யப்போவதாகச் சொன்னார். கைதட்டியவர்களே, வாசலில் குப்பையைச் சேர்த்து வைத்தால் நாறாமல் என்ன செய்யும் என்று முணுமுணுத்தார்கள். மாடியில் நின்று கேட்டவளுக்குக் காது குளிர்ந்தது.

இளையவள் மேலே ஏறி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல.”

இதற்காகத்தானே காத்திருந்தாள்! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். நாலு பேர் பார்க்க டிரம்மைக் கவிழ்த்து, உறையைப் பிடுங்கி எறிந்து, மரத்தூளும் காய்ந்த இலையும் வாரிக் கொட்டிக் கலந்தாள். காற்று போக வழியில்லாவிட்டால் இப்படித்தான் என்று எதிர்வீடு வரை கேட்கும்படி சொன்னாள். மீன் மிச்சத்தை மட்டும் சத்தமில்லாமல் காகிதத்தோடு சுருட்டி எடுத்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்தார்கள்.

கை கழுவ அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அந்தக் காகிதச் சுருளைப் பார்த்தபடி இளையவள் மெதுவாகச் சொன்னாள்:

“எங்க சின்னப் பையனுக்கு உடம்பெல்லாம் தடிக்குதுன்னு நாங்க மீன் வாங்கியே ரொம்ப நாளாச்சுக்கா. ஞாயித்துக்கிழமை உங்க வீட்லதான் வாசனை வந்துச்சு. கிண்ணம்தான் வரல.”

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கூட்டத்துல என் பேரை ஒரு வார்த்தை சொன்னியா நீ?” என்றாள்.

“சொல்லல. வேணும்னேதான் சொல்லல.” இளையவள் சொம்பைக் கீழே வைத்தாள். “இந்த வீட்ல சமையல்னா நீங்க, சிக்கனம்னா நீங்க, சம்பளம்னாலும் நீங்க. மாமியார்கூட என்னைப் பாத்து, ‘அவளை மாதிரி இரு’ன்னுதான் சொல்வாங்க. ஒரே ஒரு விஷயம் என்னோடதா இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன்.”

தன்னைப் பார்த்து ஒருத்தி இத்தனை வருஷம் வயிறெரிந்திருக்கிறாள் என்பது மூத்தவளுக்குப் புதுச் செய்தி. வெட்கமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. காகிதச் சுருளைத் தானே கொண்டுபோய்க் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தாள்.

அடுத்த தெருவில் நடந்த கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். இதெல்லாம் எங்க அக்கா சொல்லிக்கொடுத்தது என்று இளையவள் பேச்சைத் தொடங்கினாள். எல்லாத் தலைகளும் திரும்பி மூத்தவளைப் பார்த்தன. அடுத்த நிமிஷமே இளையவள் பக்கம் திரும்பிக்கொண்டன. மறுபடி அதே எரிச்சல். டிரம்மில் புழு வந்தால் என்ன செய்வது என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். இளையவள் வாயைத் திறப்பதற்குள், உட்கார்ந்த இடத்திலிருந்தே மூத்தவள் உரக்கப் பதில் சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது, “அது எனக்கும் தெரியும்க்கா. நானே சொல்லியிருப்பேன்” என்றாள் இளையவள்.

“தெரியும்னு தெரியும்” என்றாள் மூத்தவள். “அதான் முந்திக்கிட்டேன்.”