எட்டாம் வகுப்பின் வலைப்பூவும் ஆறு படகுகளும்

உலகத்தின் பெரும் பயணங்களெல்லாம் மிளகுக்காக நடந்தன. தாம்பரத்திலிருந்து எண்ணூர் பக்கம் நான் போனது என் அக்கா மகள் தேன்மொழிக்காக. கடலோரப் பள்ளி ஒன்றில் அவள் எட்டாம் வகுப்பு டீச்சர். இரண்டாயிரத்து ஏழு, ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை போன் வந்தது.

"மாமா, எங்க வகுப்பு வலைப்பூவை நாளைக்கு மூடிடுவாங்க போலிருக்கு. கம்ப்யூட்டர்ல பத்து வருஷமா குப்பை கொட்டறீங்களே, வந்து நாலு வார்த்தை பேசுங்க."

நாலு வார்த்தையா? நான் வாய் திறந்தால் வங்காள விரிகுடா இரண்டு அடி உள்வாங்கும். உடனே கிளம்பினேன். உடனே என்றால் மறுநாள் காலை.

7.10-க்குத் தாம்பரத்தில் மின்ரயில். கடற்கரை நிலையத்தில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தேன். ராயபுரம் தாண்டியதும் துறைமுகத்துக் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் போலத் தலை நீட்டின. 9.05-க்குத் திருவொற்றியூர். டிக்கெட் பத்து ரூபாய். உட்கார இடம் கிடைத்தால் லாபம்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய். சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வரிசையின் கடைசி லாரி இமயமலையில் நின்றிருக்க வேண்டும்.

"அப்டியே தள்ளி குந்திக்க நைனா, இன்னும் ரெண்டு பேரு ஏறணும்" என்றார் ஓட்டுநர். உள்ளே ஏற்கெனவே எட்டுப் பேர். "எங்க போற?"

"பள்ளிக்கூடத்துக்கு. கம்ப்யூட்டர் பஞ்சாயத்து."

"ஓ, அந்தப் படகு மேட்டரா? பொண்ணு படம் வரைஞ்சி போட்டுட்ச்சாமே! ரோடு முச்சூடும் அதான் பேச்சு."

நடந்தது இதுதான். பள்ளியின் ஒரே இணைய இணைப்பு தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. வாரம் ஒருநாள் பிள்ளைகள் முறைவைத்து வலைப்பூவில் எழுதுவார்கள், மற்றவர்கள் பின்னூட்டம் போடுவார்கள். மேகலா என்ற சிறுமி 'எங்கப்பா மீன் பிடிக்கும் இடம்' என்று எழுதினாள். எழுதியதோடு விடாமல் படமும் வரைந்துவிட்டாள். கடலில் நின்று கரையைப் பார்த்தால் அனல் மின் நிலையப் புகைபோக்கியும் இன்னொன்றும் ஒரே நேராக வரும் இடம். அதற்கு அடியில் பாறை, பாறையைச் சுற்றி மீன். அந்தக் குப்பத்தில் மாமனாரிடம்கூடச் சொல்லாத ரகசியம் அது.

பக்கத்துக் குப்பத்துப் பையனும் அதே வகுப்புதான். கீழே பின்னூட்டம் போட்டிருந்தான்: "அருமையான பதிவு. எங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். நன்றி."

மறுநாள் விடிகாலை பாறைக்கு மேல் ஆறு புதுப் படகுகள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தலைமையாசிரியர் அறை முழுக்க அப்பாக்கள். மேகலாவின் அப்பா துரை நடுவில் நின்றார். இனி மகள் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். அவள் கதவுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய நின்றாள். இணைப்பைப் பிடுங்கிவிடத் தலைமையாசிரியர் தயாராக இருந்தார்.

"எங்க வூட்டுப் பொட்டிச் சாவிய நடுரோட்ல தொங்கவுட்ட மாதிரி கீது டீச்சர்" என்றார் துரை.

நான் எழுந்தேன். தகவல் யுகம், எல்லைகளற்ற கல்வி, சுருங்கிவிட்ட உலகம் என்று முழங்கினேன். மின்விசிறியே ஒரு கணம் நின்று கேட்டது. மின்வெட்டு என்று பிறகு சொன்னார்கள்.

"உலகம் சுருங்குனா சுருங்கட்டும் சார். எங்க சோறு சுருங்குதே, அதுக்கு இன்னா சொல்ற?" என்றார் துரை.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒருவர், "அழிக்காத டீச்சர். சிம்னிய அப்டிக்கா தள்ளி வரையச் சொல்லு. அவனுங்க மகாபலிபுரம் வரிக்கும் தேடிக்கினு கெடக்கட்டும்" என்றார். அறையே சிரித்தது.

"பொய் எழுத நான் சொல்லித் தர மாட்டேண்ணா" என்றாள் தேன்மொழி.

"அப்ப இன்னாதான் டீச்சர் எழுதறது?" கதவுப் பக்கமிருந்து மேகலாவின் குரல். "சொல்லக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே. நீதானப்பா என்னப் படகுல இட்டுகினு போயி காட்ன?"

துரை மகள் பக்கம் திரும்பினார். "உனக்குத்தான்மா காட்னேன். ஊருக்கா காட்னேன்?"

மேகலா அழுதுவிட்டாள். அவள் அழுததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி, எழுது. வாணாங்கல. ஆனா யாரப் பத்தி எழுதறியோ அவங்ககிட்ட மொதல்ல படிச்சிக் காமி. சரின்னு சொன்னா போடு."

தேன்மொழி அதை அப்படியே கரும்பலகையில் எழுதினாள். மற்ற அப்பாக்களும் ஒப்புக்கொண்டார்கள். மேகலாவே படத்தை அழித்தாள். "பூட்ச்சா? நல்லா பாரு, எங்கனா ஒட்டிகினு கீதா?" என்று துரை திரைக்குப் பின்பக்கமும் எட்டிப் பார்த்தார். ஆறு படகுக்காரர்களின் மனசிலிருந்து அழிக்கத்தான் பொத்தான் இல்லை. அந்த நஷ்டம் நஷ்டம்தான்.

மதியம் துரை வீட்டில் வஞ்சிரக் குழம்பு. இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்ப நீங்களும் படிச்சிக் காட்டணும்" என்றாள் மேகலா. ஆகவே அடுத்த ஞாயிறு மறுபடி நாற்பது கிலோமீட்டர். வலை பின்னிக்கொண்டே கேட்ட துரை, குப்பத்தின் பெயரை வெட்டினார். இறங்கும் இடத்தை வெட்டினார். புகைபோக்கிக்கு நேராக வரும் அந்த 'இன்னொன்றை'யும் வெட்டினார். ஒரே ஒரு இடத்தில் சேர்த்தார்.

"குழம்பு மீனு ஒரு முழம்னா போட்டுகீற? ரெண்டர முழம்னு போடு சார்."

என் வாழ்நாளில் நான் குறைத்துச் சொல்லிவிட்டதாகக் குறைபட்டுக்கொண்ட ஒரே மனிதர். மீன் இரண்டரை முழம்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பிறகு லாரிகள் வழி விடாது. தண்ணீர் பாட்டிலும், புழுதிக்கு ஒரு கைக்குட்டையும் அவசியம். எங்கே இறங்குவது என்று கேட்காதீர்கள். உங்கள் பள்ளியில் வலைப்பூ தொடங்கும் ஆசிரியர்கள், கரும்பலகையில் அந்த வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

நேற்று மேகலாவின் புதுப் பதிவு வந்தது. அப்பாவின் சம்மதத்தோடு ஒரு படம்: கடல், படகு, வலை வீசும் துரை. கரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

கீழே பக்கத்துக் குப்பத்துப் பையனின் பின்னூட்டம்: "அருமையான பதிவு. கரை எங்கே என்று எங்கப்பா கேட்கிறார்."